ஒரே மலை, ரெண்டு ஊரு, ஒரு ஒப்பந்தம்

ஜமைக்கான்னா நமக்கு பாப் மார்லி, கோர்ட்னி வால்ஷ், உசைன் போல்ட். அதுக்கு மேல கேட்டா திருதிருன்னு முழிப்போம் :-) கடற்கரையை விட்டு உள்ளே, மேற்குப் பக்க மலைக்குள்ள போனா அக்கம்பாங்னு ஒரு சின்ன ஊர். பக்கத்திலேயே அபர்தீன்னு இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பழைய கணக்கு இருக்கு.

அக்கம்பாங் மரூன்களோட ஊர். மரூன்கள்னா தோட்டங்களிலிருந்து தப்பி ஓடி, மலைக்குள்ள தனி ஊர் கட்டி வாழ்ந்த ஆப்பிரிக்க அடிமைகளும் அவங்க வம்சமும். அந்த மலைப்பகுதி முழுக்க சுண்ணாம்புப் பாறை, குழி குழியா இருக்கும். சேவற்சண்டைக் களம் மாதிரி இருக்குன்னு வெள்ளைக்காரன் 'காக்பிட்'னு பேர் வச்சான். அந்தக் குழிகளுக்குள்ள நுழைஞ்ச பட்டாளம் உருப்படியா திரும்பினது குறைவு. ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் ஆங்கிலேயர்கள் 1739ல் மரூன் தலைவர் கட்ஜோவோடு சமாதானம் பேசினார்கள். 1500 ஏக்கர் நிலம், விடுதலை, கட்ஜோவுக்குப் பிறகு அவர் தம்பி அக்கம்பாங்குக்குத் தலைமை. ஊரின் பெயர் அந்தத் தம்பியுடையதுதான்.

இதுவரைக்கும் கேட்டா கைதட்டத் தோணும். ஒப்பந்தத்துல மொத்தம் 15 ஷரத்து. அதுல ஒண்ணு சொல்றது என்னன்னா, இனிமே எந்த அடிமையாவது ஓடி வந்து கட்ஜோ ஆட்கள் கையில சிக்கினா உடனே அதிகாரிகிட்ட ஒப்படைக்கணும், கொண்டு வந்தவங்களுக்குச் சன்மானம் உண்டு. கடைசி ரெண்டு வருஷத்துல ஓடி வந்தவங்க விருப்பப்பட்டா தங்கலாம், இல்லாட்டி மன்னிப்போட எஜமான்கிட்ட திரும்பலாம். அதாவது முந்தி ஓடினவன் சுதந்திர மனுஷன், பிந்தி ஓடினவன் பிடிச்சுக் கொடுக்கவேண்டிய சரக்கு!

அபர்தீன் அப்படிப்பட்ட அடிமைத் தோட்டம் இருந்த இடம். அங்கிருந்து ஒருத்தன் ராத்திரி மலை ஏறினா, மேலே காத்திருந்தது முன்னாடி அவனை மாதிரியே ஓடிப்போனவங்களோட பிள்ளைகள்.

1795ல் நடந்தது இன்னும் விசேஷம். கட்ஜோவோட மரூன்களின் இன்னொரு ஊரான ட்ரெலானி டவுனைச் சேர்ந்த ரெண்டு பேருக்கு, பன்றி திருடினதா சொல்லி மாண்டிகோ பேயில் சவுக்கடி கொடுத்தாங்க. அடிச்சவன் யாருன்னா, முன்னாடி மரூன்களே பிடிச்சுக் கொடுத்த ஒரு அடிமை. அவமானம் தாங்காம ட்ரெலானி டவுன் போருக்குக் கிளம்பிச்சு. அக்கம்பாங் அரசாங்கம் பக்கம் நின்னுச்சு. கியூபாவிலிருந்து வேட்டை நாய்களை வேற இறக்கினான் ஆங்கிலேயன். நாடு கடத்த மாட்டோம்னு தளபதி வால்போல் வாக்குக் கொடுத்துச் சரணடைய வச்சாரு. கவர்னர் பால்கரஸ் அதை மதிக்கலை. 500க்கும் மேற்பட்டவங்களை 1796ல் நோவா ஸ்கோஷியா குளிருக்குக் கப்பல் ஏத்திட்டாரு. 1800ல் அங்கிருந்து சியரா லியோன். கடுப்பான வால்போல், ஜமைக்கா சட்டசபை கொடுத்த கௌரவ வாளை வேண்டாம்னுட்டாரு. அக்கம்பாங் மட்டும் இருந்த இடத்துலயே தப்பிச்சுது.

இதைத் துரோகம்னு ஒரே வார்த்தையில முடிக்க எனக்கு மனசு வரலை. பத்து வருஷத்துக்கு மேல சண்டை போட்டு, பிள்ளைகுட்டியோட பசியில கிடந்தவனுக்கு முன்னாடி அந்தக் காகிதத்தை நீட்டினாங்க. அதுக்காக 'மாவீரர் கட்ஜோ'ன்னு மட்டும் எழுதிட்டுப் போறதும் சரியில்லை. மலையில பிடிபட்டுத் திரும்பிப்போனவனுக்குச் சிலை வைக்க ஆள் இல்லையே.

1838ல் அடிமைமுறை முழுசா ஒழிஞ்சதும், விடுதலையான குடும்பங்களோட கிராமமா அபர்தீன் வளர்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பிடிக்கிறவன், பிடிபடுறவன்ங்கிற கோடு போனதும் மேலூரும் கீழூரும் பொண்ணு கொடுத்து எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மானுடவியலாளர் ஜீன் பெஸ்ஸன் இந்த ஊர்களில் பல வருஷம் ஆராய்ச்சி செஞ்சு, உறவுமுறை எப்படி எல்லை தாண்டிப் பின்னிக் கிடக்குதுன்னு எழுதியிருக்கார். நிலமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: அக்கம்பாங்கில் ஊர் மொத்தத்துக்கும் பொது, அபர்தீனில் வாரிசுகள் எல்லாருக்கும் பொதுவான குடும்ப நிலம். 1842ல் மரூன் நிலத்தைத் தனித்தனியா பிரிக்க அரசு சட்டம் போட்டப்போ அக்கம்பாங் முடியாதுன்னுடுச்சு.

இப்பவும் ஜனவரி 6 கட்ஜோ பிறந்தநாளா அக்கம்பாங்கில் திருவிழா. அபெங்ங்கிற மாட்டுக்கொம்பை ஊதி, உப்பில்லாம ஆண்பன்றி சமைப்பாங்க. கூடுற இடம் கிண்டாங்கிற மாமரத்தடி. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னு அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்றாங்க.