ஒரு ரொட்டியில் விளங்கிய சுதந்திரம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தனிமனித சுதந்திரம், அரசின் தலையீடு இல்லாத வாணிபம் போன்ற கொள்கைகளைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்க்க முடியுமா என்பதே இன்றைய கேள்வி. முடியாது, அவை படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். அவருக்கு வரலாற்றிலிருந்து ஒரு பதிலைத் தர விரும்புகிறேன்.

நெப்போலியப் போர்கள் முடிவுக்கு வந்த 1815ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு தானியச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு குவார்ட்டர், அதாவது 200 கிலோவுக்குச் சற்று அதிகமான உள்நாட்டுக் கோதுமையின் விலை 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமையை அங்கு விற்க முடியாது. 1828இல் தடைக்குப் பதிலாக, விலைக்கேற்ப ஏறி இறங்கும் வரி வந்தது. நாடாளுமன்றத்தில் நிலவுடைமையாளர்களின் கையே ஓங்கியிருந்தது. அவர்களின் குத்தகை வருமானம் காப்பாற்றப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் வீட்டில் ரொட்டி சிறுத்தது.

இத்தகைய தடைகள் தவறு என்று ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அறிஞர்கள் படித்தார்கள், பாராட்டினார்கள். சட்டமோ அசையவில்லை.

அசைத்தவர்கள் இரண்டு வணிகர்கள். ரிச்சர்ட் காப்டன் துணிகளில் அச்சிடும் தொழில் செய்தவர். ஜான் பிரைட் பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. 1841இல் பிரைட்டின் இளம் மனைவி காலமானார். துக்கம் விசாரிக்க வந்த காப்டன், இந்த நேரத்தில் நாட்டின் எத்தனையோ வீடுகளில் தாய்மார்களும் பிள்ளைகளும் பசியால் சாகிறார்கள், உங்கள் துயரம் சற்றுத் தணிந்ததும் என்னோடு வாருங்கள், இந்தச் சட்டம் நீங்கும்வரை நாம் ஓயக்கூடாது என்றாராம். பிற்காலத்தில் பிரைட்டே இதைச் சொல்லியிருக்கிறார்.

மான்செஸ்டரில் 1838இல் தொடங்கிய தானியச் சட்ட எதிர்ப்பு இயக்கம், மறு ஆண்டே நாடு தழுவிய சங்கமானது. அவர்கள் மக்களிடம் பேசிய விதத்தைக் கவனியுங்கள். தொழிலாளர்களிடம் பொருளாதாரத் தத்துவம் பேசவில்லை. ஒரு பெரிய ரொட்டியையும் ஒரு சிறிய ரொட்டியையும் உயர்த்திக் காட்டினார்கள். சட்டம் இல்லாவிட்டால் இது, சட்டம் இருந்தால் இது. அவ்வளவுதான். வாக்குரிமை இல்லாத பெண்களைத் தேநீர் விருந்துகளுக்கும் விற்பனைச் சந்தைகளுக்கும் அழைத்து, இயக்கத்திற்கு நிதி திரட்ட வைத்தார்கள். 1840இல் நாடெங்கும் ஒரு பென்னி அஞ்சல் வந்ததும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1843ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 90 இலட்சம் துண்டுப் பிரசுரங்கள் வீடுகளைச் சென்றடைந்தன.

எல்லாவற்றையும்விட முக்கியம், எதிரிகள் என்று கருதப்பட்ட விவசாயிகளிடமே காப்டன் நேரில் சென்றது. அவரும் ஒரு விவசாயியின் மகன்தான். விலை உயர்ந்தால் குத்தகையும் உயர்கிறதே, இலாபம் உங்களுக்கா, நிலச்சுவான்தாருக்கா என்று கேட்டார். 1845 மார்ச்சில் இதே வாதத்தை நாடாளுமன்றத்தில் அவர் வைத்தபோது, பிரதமர் ராபர்ட் பீல் தாம் எழுதிய குறிப்புகளைக் கசக்கிவிட்டு, இதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது என்று பக்கத்திலிருந்தவரிடம் கூறியதாகச் சொல்வார்கள்.

அதே ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சம் தொடங்கியது. 1846 ஜூனில் தானியச் சட்டங்களை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பேச்சு மட்டும் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பஞ்சம் வந்தபோது என்ன செய்ய வேண்டும் என்பது மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தது. பதவி விலகிய பீல், பெருமை காப்டனையே சேரும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரொட்டி விலை குறைந்தால் முதலாளிகள் கூலியையும் குறைப்பார்கள் என்று தொழிலாளர் இயக்கத்தினர் சந்தேகப்பட்டார்கள். 1847இல் பெண்கள், இளையோரின் ஆலை வேலையைப் பத்து மணி நேரமாகக் குறைக்கும் சட்டம் வந்தபோது, அதுவும் அரசின் தலையீடே என்று பிரைட் எதிர்த்தார். ரொட்டிக்காகக் கைதட்டிய தொழிலாளியால் அதை எப்படி ஏற்க முடியும்?

பிறகு சீனாவுடன் போர் மூண்டது. அது அநீதி என்று காப்டன் நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து வெற்றியும் பெற்றார். ஆனால் 1857 தேர்தலில் காப்டன், பிரைட் இருவருமே தோற்றார்கள். கொள்கையும் மாறவில்லை, பேச்சாற்றலும் குறையவில்லை. இம்முறை மக்களுக்குக் காட்ட அவர்கள் கையில் ரொட்டி இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். கேட்பவரின் அடுப்படியிலிருந்து தொடங்கினால் எந்தக் கொள்கையையும் விளக்கலாம். ஆனால் அடுப்படியில் எடுபடுவதை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது கொள்கை ஆகாது, வியாபாரம். காப்டனை நான் மதிப்பது 1846இல் வென்றதற்காக மட்டுமல்ல. 1857இல் வாய் திறந்தாரே, அதற்காகவும்தான்.