திறந்து பார்க்கக்கூடிய பொறி

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று தென்காசி, குற்றாலம் வட்டாரத்தைச் சாரலால் நனைக்கிறது. அருவிகளுக்கு நீர் தரும் இச்சாரலே, தாழ்வாரத்தில் சாத்தி வைத்த சைக்கிளுக்குத் துருவையும் தருகிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இங்குக் குறைவே இல்லை. துருவேறிய செயினையும் காற்றிறங்கிய டயரையும் கண்டதும், “இனி இது பழைய இரும்புக்குத்தான்” என்று முடிவு கட்டி விடுகிறோம். அம்முடிவுக்கு வருமுன் சைக்கிளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நல்லது. வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக மட்டுமன்றி, எளிதில் பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பதற்காகவும் அறிஞர்கள் மூளையைக் கசக்கிய பொறி அது.

நடைவண்டி முதல் சைக்கிள் வரை

1817-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒரு மரவண்டி செய்தார். அதற்கு மிதி கிடையாது. காலால் தரையை உந்தி உந்திச் செல்ல வேண்டும். 1860-களில் பிரான்சில் முன்சக்கர அச்சிலேயே மிதி பொருத்தினார்கள். இதில் ஒரு சிக்கல் எழுந்தது. மிதியை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறைதான் சுற்றும். எனவே வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆளுயரத்தை எட்டும் முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட விந்தை வண்டிகள் இவ்வாறு பிறந்தன. விழுந்தால் தலைகுப்புறத்தான் விழ வேண்டும்!

இச்சிக்கலைத் தீர்த்தது செயின். 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் செயினை உருவாக்கினார். 1885-இல் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய சம அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் செயினும் கொண்ட ‘ரோவர்’ சைக்கிளை வெளியிட்டார். இன்றும் நாம் ஓட்டுவது அதன் வழித்தோன்றலே.

செயினின் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். முன் பற்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 18 பற்கள் எனக் கொள்வோம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 48/18, அதாவது சுமார் 2.67 சுற்றுகள் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5.9 மீட்டர் முன்னேறுகிறது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டர். இடையில் மிதிப்பதை நிறுத்தாவிட்டால் ஏறத்தாழ 850 சுற்றுகளில் அருவிக்கரை சேர்ந்து விடலாம்!

ஓர் இரவு காத்திருந்த டயர்

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக 1888-இல் காற்றடைத்த டயரைச் செய்தார். (ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்த் தெரிய வந்தது.) குலுக்கல் குறைந்தது, ஆனால் தலைவலி கூடியது. காரணம், அந்த டயர் ரிம்முடன் பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

1889-இல் பிரான்சின் கிளர்மோன்-ஃபெரான் ஊரில் ரப்பர்த் தொழில் நடத்தி வந்த மிஷலின் சகோதரர்களிடம் ஒருவர் இத்தகைய டயரைப் பஞ்சர் பார்க்கக் கொண்டு வந்தார். கழற்றி ஒட்ட மூன்று மணி நேரம். பசை உலர ஓர் இரவு! மறுநாள் எடுவார் மிஷலின் ஓட்டிப் பார்த்தபோது, சிறிது நேரத்திலேயே மீண்டும் காற்று இறங்கி விட்டது. காற்று டயரின் சுகத்தை உணர்ந்த அவர், எவரும் விரைவில் கழற்றி மாட்டக்கூடிய டயரே தேவை என்று முடிவு செய்தார். 1891-இல் அத்தகைய டயர் உருவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த, சுமார் 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் இந்த டயர் பூட்டிய வண்டியில் ஓட்டிய சார்ல் டெரோன் வெற்றி பெற்றார்.

நம் சாலைச் சைக்கிளின் டயரை எடுத்துப் பாருங்கள். அதன் இரு ஓரங்களிலும் கம்பி வளையம் இருக்கும். ரிம்மின் பள்ளத்தில் இக்கம்பி அமர்ந்து கொள்ளும் முறை, 1890-இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர் கண்டது. இன்று நாம் கால் மணி நேரத்தில் பஞ்சர் ஒட்ட முடிகிறதென்றால், அது தானாக வந்த வசதி அன்று. தனியே கண்டுபிடிக்கப்பட்ட வசதி.

நம் நாட்டில்

இந்தியாவில் நெடுங்காலம் இங்கிலாந்திலிருந்து வந்த சைக்கிள்களே ஓடின. விடுதலைக்குப் பின் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களை உற்பத்தி செய்தது. வடக்கே லூதியானாவும் சோனிபட்டும் சைக்கிள் நகரங்களாயின. கம்பெனிகள் பலவானாலும் அளவுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஒரு கம்பெனி வண்டிக்கு வேறொரு கம்பெனியின் பெடலோ செயினோ பொருந்தும். சிற்றூர்க் கடைக்காரரும் சில டப்பாக்களில் உதிரி வைத்துக் கொண்டு தொழில் நடத்த முடிந்ததற்கு இதுவே காரணம்.

1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் எழுத்துடன் சைக்கிளும் கற்றனர். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆகவே பழைய சைக்கிள் ஒன்று இல்லாத தெரு இன்று அரிது.

நாமே செய்து பார்ப்போம்

சைக்கிள் கடைகளில் ‘ஓவராயில்’ என்றொரு சொல் வழங்கும். ‘ஓவர்ஹால்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் நாவில் இவ்வாறு எண்ணெய் பூசிக் கொண்டது! முழுதும் கழற்றித் துடைத்துப் பூட்டுவது என்பது இதன் பொருள். புதிதாகத் தொடங்குவோர் ஒரே நாளில் அனைத்தையும் கழற்ற வேண்டாம். எளியதிலிருந்து அரியதற்குச் செல்வோம்.

முதலில் காற்று: டயரைக் கழற்றுமுன் வால்வு வாயில் ஒரு துளி நீர் வையுங்கள். குமிழி வந்தால் குற்றம் டியூபில் இல்லை. சில ரூபாய் பெறும் வால்வு டியூபை மாற்றினால் போதும். பஞ்சர்தான் என்றால், டியூபை நீரில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டு, துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவுங்கள். தடவியவுடன் ஒட்டுப் போடுவது தொடக்கக்காரர் செய்யும் தவறு. கரைப்பான் ஆவியாகி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகே ஒட்ட வேண்டும். குத்திய முள்ளை டயரிலிருந்து எடுக்க மறவாதீர்கள்.

அடுத்து செயின்: மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். அடுப்புக்கு அருகில் இவ்வேலை கூடாது. செயினின் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோல் 12⅛ காட்டினால் செயின் மாற்றத்தக்கது. “செயின் நீண்டு விட்டது” என்கிறோம். உண்மையில் இரும்பு நீளவில்லை. ஒவ்வோர் ஆணியும் சிறிது தேய, அச்சிறு இடைவெளிகள் கூடிப் பெருகுகின்றன.

மூன்றாவது சக்கரம்: ஹப்பினுள் இருக்கும் இரும்புக் குண்டுகள், சறுக்கும் உராய்வை உருளும் உராய்வாக மாற்றுகின்றன. கழற்றும்போது கீழே ஒரு தட்டை வைத்து, பக்கத்துக்கு எத்தனை குண்டுகள் என எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். துடைத்துப் புதிய கிரீஸ் இட்டு, கோனை விரலால் இறுக்கிப் பின் சற்றே தளர்த்தி, பூட்டு நட்டை முறுக்குங்கள். சரியா என்று அறிய ஓர் அழகிய சோதனை உண்டு. முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்தி விடுங்கள். வால்வின் சிறு எடையே சக்கரத்தைச் சுற்றிக் கீழே வந்து, ஊசல் போல ஆடி நிற்க வேண்டும். அசையாவிட்டால் கோன் இறுக்கம். ரிம் பக்கவாட்டில் லொடலொடத்தால் தளர்ச்சி.

பெடலின் புதிர்: இடப்பக்கப் பெடல் மட்டும் வழக்கமான திசையில் கழலாது. பலம் கொண்ட மட்டும் திருகி மரையைக் கெடுத்தவர் பலர். காரணம் இயற்பியலில் உள்ளது. ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் மறு நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் எதிர்த்திசையில் தானே உருளும். மிதிக்கும்போது பெடல் அச்சுக்கும் இதுவே நேர்கிறது. இவ்வுருளல் இரு புறமும் மரையைத் தளர்த்தாதிருக்கவே, இடப்பக்கத்துக்கு இடமரை வைத்தார்கள். ஸ்பானரை அச்சுக்கு மேலே நிமிர்த்தி மாட்டுங்கள். வண்டியின் முன்புறம் தள்ளினால் இறுகும்; பின்புறம் தள்ளினால் கழலும். இரு பக்கத்துக்கும் இவ்விதி ஒன்றே.

பிரேக் கட்டைகளைச் சரிபார்க்காமல் சாலையில் இறங்கக் கூடாது; ரிம்மில் எண்ணெய் படவும் கூடாது. கோட்டம் எடுத்தல், காட்டர்பின் கழற்றல், விரிசல் கண்ட ஃபோர்க் ஆகியவற்றைக் கடைக்காரரிடமே விட்டு விடுங்கள். அருகில் நின்று கவனியுங்கள், அதுவும் பாடமே.

ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடைகளே ஊர்ச் சிறுவர்களின் பொறியியல் பள்ளிகளாக இருந்தன. மணிக்கணக்கில் அங்கு நின்றவர்கள் கோன், கப், மரை எல்லாவற்றையும் ஆசிரியரின்றிக் கற்றனர். அக்கடைகள் இன்று அருகி விட்டன. மறுபுறம், பசையிட்டு மூடி, திறந்தால் கெடும் என்று எச்சரிக்கும் கருவிகள் நம் கைகளில் நிறைந்து வருகின்றன. பல், அச்சு, குண்டு, செயின் ஆகிய அனைத்தையும் கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறியக்கூடிய பொறியாகச் சைக்கிள் இன்னும் நம் வீட்டில் நிற்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டால் இழப்பது வண்டியை மட்டுமன்று. நம் பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டும் ஒரு சோதனைச்சாலையையும்தான். அடுத்த விடுமுறை நாளில் ஒரு ஸ்பானர், சிறிது மண்ணெண்ணெய், ஒரு பழந்துணி ஆகியவற்றுடன் தொடங்குங்கள். முதல் நாளுக்குச் செயின் ஒன்றே போதும்.