ஆங்கிலோ இந்தியரின் கிறிஸ்துமஸ் நடன இசை

ஆங்கிலோ இந்தியரின் கிறிஸ்துமஸ் நடன இசை என்பது இந்தியாவில் வாழும் ஆங்கிலோ இந்தியச் சமூகத்தினர் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களில் ஒன்றுகூடி ஆடும் இணை நடனங்களுக்குரிய இசையாகும். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், ஜைவ் ஆகியன இதன் முதன்மையான நடன வகைகள். 1940கள் முதல் 1960கள் வரை புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல்களுக்கு இன்றும் இதில் தனி இடம் உண்டு.

பின்னணி

ஆங்கிலேயர் ஆட்சியில் இரயில்வே, தபால் தந்தி, சுங்கம் ஆகிய துறைகளில் ஆங்கிலோ இந்தியர் பெருமளவில் பணியாற்றினர். பெரம்பூர், அரக்கோணம், பொன்மலை, போத்தனூர், கரக்பூர் முதலிய ஊர்களின் இரயில்வே குடியிருப்புகளில் இவர்கள் சேர்ந்து வாழ்ந்தனர். அங்கிருந்த 'இரயில்வே இன்ஸ்டிடியூட்' எனப்படும் மன்றங்களே நடனக் கூடங்களாக விளங்கின. காலணிகள் எளிதில் வழுக்கிச் செல்லும் பொருட்டு மரத்தளத்தில் பொடி தூவப்படும். கோலார் தங்கவயலிலும் இத்தகைய மன்றங்கள் இருந்தன.

இந்நடனங்களை ஒழுக்கக்கேடான கேளிக்கையாகக் காட்டிய இந்தியத் திரைப்படங்கள் பல. உண்மையில் பாட்டி முதல் பேரன் வரை குடும்பமாக வந்து கலந்துகொள்ளும் கூடல் இது. இளையோர் பெற்றோரின் கண்பார்வையிலேயே ஆடினர். பல திருமணங்களுக்கும் இங்குதான் தொடக்கம்.

இசையும் அடியும்

வால்ட்ஸ் மூன்று தட்டுகள் கொண்ட தாளத்தில் அமைந்தது. ஃபாக்ஸ்டிராட், ஜைவ் இரண்டும் நான்கு தட்டுத் தாளத்தைச் சேர்ந்தவை. எனினும் முன்னது நிதானமானது, பின்னது விரைவானது. அமெரிக்காவில் தோன்றிய ஜிட்டர்பக் நடனத்தில் இருந்து உருவானதே ஜைவ். இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவில் தங்கிய அமெரிக்க, பிரித்தானியப் படையினரால் இத்தகைய இசைக்கு அங்கு வரவேற்பு மிகுந்தது. அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு அந்நகரின் கிராண்ட் ஹோட்டலில் வாசித்தார். 1945இல் அங்கேயே வாந்திபேதியால் இறந்தார்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஜிம் ரீவ்ஸுக்கு இச்சமூகத்தில் தனி இடம் உண்டு. 1963இல் வெளியான அவரது கிறிஸ்துமஸ் இசைத்தட்டு இன்னும் ஒலிக்கிறது. மென்மையான குரலும் தெளிவான உச்சரிப்பும் நிதானமான நடையும் கொண்ட அவரது பாடல்கள், வயதானவர்களும் மூச்சு வாங்காமல் ஆட ஏற்றவை. எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடி 1967இல் வெளிவந்த 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' இம்மரபுக்கு வெகுவாகப் பொருந்தியது. நடன இரவை வால்ட்ஸுடன் முடிப்பது அதற்கும் முந்தைய வழக்கம். இப்பாடகர் 1936இல் சென்னையில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

குடிபெயர்வு

அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியருக்கு இரயில்வே, சுங்கம், தபால் தந்திப் பணிகளில் வழங்கிய ஒதுக்கீடு படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1960இல் முடிவுற்றது. 1947 முதலே பிரித்தானியாவுக்கும் பின்னர் ஆஸ்திரேலியா, கனடா நாடுகளுக்கும் குடும்பங்கள் குடிபெயர்ந்தன. ஒரே குடும்பத்தில் அண்ணன் பெர்த்திலும் தங்கை பெரம்பூரிலுமாகப் பிரிந்து வாழும் நிலை உண்டானது. பாடல் பட்டியல் பெரிதும் மாறாமல் நின்றுவிட்டதற்கு இதுவே முக்கிய காரணம் எனலாம். பிரிவதற்கு முன் சேர்ந்து ஆடிய பாடல்களே இரு பக்கத்தாருக்கும் பொதுவாக எஞ்சின. பாடல் மாறாததால் அடியும் மாறவில்லை. பேரப்பிள்ளைகள் பாட்டியிடமே ஜைவ் கற்கின்றனர்.

தற்காலம்

முழு இசைக்குழுவின் இடத்தைப் பல இடங்களில் கீபோர்டு ஒன்றும் பதிவு செய்யப்பட்ட இசையும் பிடித்துக்கொண்டன. 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும் அங்கிருந்த சமூகம் மேலும் சிதறியது. சட்டமன்ற, நாடாளுமன்ற நியமன இடங்களும் 2020 ஜனவரியில் நீங்கின. தங்களைத் தனிச் சமூகமாகக் காண்பதற்கு இத்தகைய கூடல்களையே இவர்கள் இன்று பெரிதும் நம்பியிருக்கின்றனர்.

கொல்கத்தாவின் பௌ பாரக்ஸ் குடியிருப்பில் கூடம் ஏதும் தேவைப்படுவதில்லை. சிவப்புச் செங்கல் கட்டடங்களுக்கு இடையிலான தெருவிலேயே கிறிஸ்துமஸ் வாரத்தில் மேடை அமைத்து ஆடுகின்றனர். வெளிநாட்டில் குடியேறிய உறவினர்கள் பலர் அந்த வாரத்தைக் கணக்கிட்டே ஊர் திரும்புகின்றனர்.