ரொட்டி மறுக்கப்பட்ட தீவு

சிறைகளின் வரலாறு சுவர்களின் வரலாறு மட்டுமன்று. கைதியின் தட்டில் விழுந்த உணவின் வரலாறும்கூட. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவு இதனை நமக்கு உணர்த்துகிறது.

கேப் டவுன் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள இத்தீவு, 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வந்த நாள் தொட்டு, வேண்டாதவரை ஒதுக்கிவைக்கும் இடமாகவே இருந்துவந்தது. நாடு கடத்தப்பட்டோருக்குப் பின் நோயாளர் வந்தனர். 1931 வரை தொழுநோயாளர் அங்கே வாழ்ந்தனர். 1895-இல் அவர்கள் தம் கைகளாலேயே எழுப்பிய நல்லாயன் ஆலயம் இன்றும் நிற்கிறது.

1961-இல் நிறவெறி அரசு தீவை உயர் பாதுகாப்புச் சிறையாக்கியது. நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளை, 1964 முதல் 1982 வரை, இங்கே கழித்தார். சுண்ணாம்புக்கல் குழியில் வெயிலின் எதிரொளி கைதிகளின் கண்களைக் கெடுத்தது. கடைநிலைக் கைதிக்கு ஆறு மாதத்திற்கு ஒரு கடிதமே அனுமதி. ஆயினும் அக்குழியிலேயே கற்றவர் கல்லாதவருக்குப் பாடம் சொன்னார்கள்.

எல்லாவற்றினும் கொடியது வேறொன்று. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ரொட்டி உண்டு, கறுப்பருக்கு இல்லை. 1964-இல் ஒன்றாகவே தீவுக்கு வந்த அகமது கத்ராடாவுக்கு, இந்தியர் என்பதால், முழுக்காற்சட்டை, மண்டேலாவுக்கு அரைக்காற்சட்டை. ஒரே வழக்கு, ஒரே ஆயுள்தண்டனை. ஆனால் இரு தட்டுகள், இரு உடைகள். துன்புறுவோரைத் தமக்குள்ளேயே பிரித்துவைக்க அதிகாரம் கண்ட எளிய வழி இது.

இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. காந்தியடிகளோடு அந்நாட்டில் சத்தியாக்கிரகம் நடத்திய தமிழர் தம்பி நாயுடுவின் பேரர் இந்திரஸ் நாயுடு, அத்தீவில் பத்தாண்டுகள் சிறையிருந்தார். மிகுதி கிடைத்த வரிசையில் நம்மவரும் நின்றனர். கைதிகள் அந்த வேற்றுமைக்கு இசையவில்லை. அனைவருக்கும் ஒரே உணவு வேண்டுமென இடைவிடாது போராடினர். 1979-இல்தான் அது கிட்டியது.

இறுதி அரசியல் கைதிகள் 1991-இல் வெளியேறினர். 1996-இல் சிறை மூடப்பட்டது. மறு ஆண்டு அருங்காட்சியகமாயிற்று. முன்னாள் கைதிகளே பார்வையாளருக்கு வழிகாட்டிகளாயினர்.

நமக்குக் குறைவாகத் தரப்படும்போது நாம் முறையிடுகிறோம். மிகுதியாகத் தரப்படும்போது அடுத்தவர் தட்டைப் பார்த்தோமா? அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதை வழிபாட்டின் நடுவில் வைத்திருக்கும் நாம், இக்கேள்வியைக் கடந்து போக முடியாது.