வட்டத்திலிருந்து வலைக்கு

பந்து என்றதும் தமிழ்க் கவிதைக்கு நினைவில் எழுவது கை. சிலப்பதிகாரத்துக் கந்துக வரியிலும் குற்றாலக் குறவஞ்சியிலும் மகளிர் கையாலேயே பந்தடிக்கின்றனர். வாடிப்பட்டித் திடல்களில் வலை கட்டி ஆடும் ஆட்டத்திற்கும் கைப்பந்து என்பதே பெயர். கடல் கடந்த மலாய் நாட்டிலோ, கையை விலக்கிய பந்தாட்டம் ஒன்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது.

அதன் பழைய வடிவம் 'செபாக் ராகா'. ஆடுவோர் வட்டமாக நின்று, பிரம்பால் பின்னிய பந்து நிலத்தில் விழாதவாறு காலாலும் முழங்காலாலும் தலையாலும் ஒருவர்க்கொருவர் அனுப்புவர். அங்கே எதிரணி இல்லை. ஆதலால் தோற்றவரும் இல்லை.

ஆயினும் அதன் வரலாற்றில் குருதிக் கறை உண்டு. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட 15ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சி ஒன்றைச் 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. அவ்வழியே சென்ற இளவரசன் ராஜா முகமதுவின் தலையணியில் பந்து தவறிப் பட்டது. சினம் கொண்ட இளவரசன், பந்தை உதைத்த துன் பெசாரைக் குத்திக் கொன்றான். இறந்தவன் முதலமைச்சர் துன் பேராக்கின் மகன். பழிவாங்கத் துடித்த தம்மவரைத் துன் பேராக் தடுத்தார். கொன்றவன் மலாக்காவின் அரசனாதல் கூடாது என்பதே அவர் கேட்ட நீதி. சுல்தான் மகனைப் பகாங் நாட்டுக்கு அனுப்பினார்.

வலை பிற்காலத்து வரவு. 1945இல் பினாங்கில் வலை கட்டி ஆடத் தொடங்கினர் என்பர். வட்டம் இரு பக்கங்களாயிற்று. வெற்றியும் தோல்வியும் பிறந்தன. ஆட்டத்தின் பெயரும் பூசலுக்கு உரியதாயிற்று. தாய்லாந்தும் அதில் உரிமை உடையது. 1960இல் கோலாலம்பூரில் கூடியோர் பொது விதிகளை வகுத்தனர். உதைத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லும் பின்னற்பந்தைக் குறிக்கும் தாய்ச் சொல்லும் இணைந்து 'செபாக் தக்ரா' ஆயின.

1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது இடம்பெற்றது. இந்திய ஆடவர் 2018இலும் மகளிர் 2023இலும் அப்போட்டிகளில் வெண்கலம் வென்றனர்.

ஆடவர்க்கு வலையின் உயரம் 1.52 மீட்டர். பக்கத்திற்கு மூவர், மூன்று தொடுகைக்குள் பந்து வலையைக் கடக்க வேண்டும். தொடக்க உதைக்காகத் தோழனுக்குப் பந்தை எறியும்போது மட்டுமே கைக்கு வேலை. அதன்பின் மூவரும் ஒருவர்க்காக ஒருவர் பந்தை விழாமல் காக்கின்றனர். பகை வலைக்கு அப்பால் நிற்கிறது. இப்பால் நிற்பது பழைய வட்டமே.