தலைமன்னார்ப் பாதையும் தொழிற்பாட்டுக் கட்டமைப்பும்

ஒரு தொகுதி எவற்றால் ஆக்கப்பட்டது என வினவுமுன், அது ஆற்றவேண்டிய தொழில்கள் யாவை என வினவுதல் வேண்டும். அத்தொழில்களை வகுத்து, ஒன்றன் பயன் மற்றொன்றைச் சென்றடையும் முறையை வரையறுப்பதையே தொகுதிப் பொறியியலார் தொழிற்பாட்டுக் கட்டமைப்பு என்பர். இதற்கு மன்னாரின் வரலாறு தக்க சான்றாகும்.

1914இல் தொடங்கிய பாதையின் தலையாய தொழில், சென்னைக்கும் கொழும்புக்குமிடையே பயணிகளைக் கொண்டுசெல்லுதல். அது தரைவழிச் செலவு, கடல் கடத்தல், ஊர்தி மாற்றுதல் எனப் பிரிந்தது. கடல் கடத்தற்கு ஆதாம் பாலத் திட்டுகளின்மேல் இருப்புப்பாதை அமைக்கும் யோசனையும் இருந்தது. எனினும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல்களே அத்தொழிலை ஏற்றன. ஒரே தொழிலைப் பல்வேறு வடிவங்கள் ஆற்றக்கூடும் என்பது இதனாற் புலப்படும். அக்கரையில் மீற்றர்ப் பாதை. இக்கரையில் 5 அடி 6 அங்குல அகலப் பாதை. பயணிகள் கப்பலுக்கு மாறியமையால் அவ்வேறுபாடு தடையாகவில்லை.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஆயினும் தொழில் அழியவில்லை. இராமேசுவரத் துறை அதனை ஏற்றது. 1980களில் போர்ச்சூழலாற் கப்பல் நின்றபோதோ, அத்தொழிலை ஏற்க அங்கு வேறு உறுப்பு இருக்கவில்லை. 1990இல் மன்னார்ப் புகையிரதமும் நின்றது. 2015இல் தண்டவாளம் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டது, கப்பல் மீளவில்லை. அக்கரையில் உறவினரை உடையோர்க்கு அந்நிலையத்தோடு வழி முடிந்தது.

உறுப்பைப் புதுப்பித்த அளவில் தொழில் மீளாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.