மயிலாடி தந்த வேதமாணிக்கம்

“இவன் தேறமாட்டான்” என்று பிறரை எளிதில் ஒதுக்கிவிடுவது மாந்தர் இயல்பு. அத்தகைய தீர்ப்புகளை வரலாறு பன்முறை பொய்யாக்கியுள்ளது. குமரி மாவட்டத்து மயிலாடி அதற்கு ஒரு சான்றாகும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மயிலாடியில் வாழ்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தவர். சைவப் பற்று மிக்கவர். சிதம்பரத்திற்கு வழிபாட்டுப் பயணம் மேற்கொண்ட அவர், தஞ்சையில் கிறித்தவ நற்செய்தியைக் கேட்டு, திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அச்சிவனடியார் ஒரு திருச்சபைக்கே வித்தாவார் என்று அன்று எவர் எண்ணியிருப்பர்?

அவரது வேண்டுகோளுக்கிணங்கி, இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூர் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயமும் பள்ளியும் எழுந்தன. ஆயினும், தம்மை நாடி வந்த எளியோருள் பலர் தலைவரிக்கும் கூலியற்ற ஊழியத்திற்கும் அஞ்சியே வருகின்றனர் என அவரே ஐயுற்றார். கொடுமையினின்று விடுதலை நாடுவது குற்றமாகுமா? 1816இல் உடல்நலம் குன்றிப் புறப்பட்டபோது, அவர் சபைகளின் பொறுப்பை ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே! 1818இல் சார்லஸ் மீட் வரும்வரை சபைகளைச் சிதறாது காத்தவர் அவரே. மயிலாடிப் பள்ளி நாகர்கோவிலுக்கு மாறி, இன்று ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாகத் திகழ்கிறது.

இளைஞர்களே! இராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் இல்லங்களில் எத்தனையோ மகாராசன்கள் பிறக்கின்றனர். எச்சமயத்தவராயினும் ஆகுக, ஒருவரையும் ஆகாதவர் என்று கைவிடாதீர். எழுத்தறிவித்து, பொறுப்பளித்து, நம்பிக்கையோடு காத்திருப்பதே நம் கடமையாகும்.